மூன்று நாள் குளிரில்

டிசம்பர் 20, சனி

கடைசித் தேர்வும் முடிந்தது. புவியியல். ஆறுகளை வரைபடத்தில் ஓரளவு சரியாகவே குறித்தேன். தாமோதர் மட்டும் கொஞ்சம் வளைந்துவிட்டது.

இன்று பதினான்கு டிகிரியாம். கல்கத்தாவில் எங்கள் காளிகாட் முழுக்க மங்கி குல்லாய்க்குள் புகுந்துகொண்டது. கீழ் வீட்டுக் காகு, அதாவது என் வகுப்புத் தோழி மேக்னாவின் அப்பா, வீட்டுக்குள்ளேயே மஃப்ளர் சுற்றிக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். எங்கள் அப்பா மட்டும் காலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, செருப்பில்லாமல் வங்கிக்குப் போகிறார். சபரிமலைக்கு மாலை போட்டு இன்றோடு முப்பத்து நான்கு நாள். அம்மாகூட அவரை "சாமி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. "அப்பா" என்று தொடங்கி, "சாமி" என்று முடிக்கிறேன்.

வேண்டுதல் அம்மாவுக்காக. ஏப்ரலில் அவள் மார்பில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதித்து ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். அந்தப் பதினோரு நாள் வீடு எப்படி இருந்தது என்று நான் எங்கும் எழுதவில்லை. எழுதப் போவதுமில்லை. பிப்ரவரியில் மறுபடி ஸ்கேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மேக்னா வீட்டில் அந்தப் படத்தை மூன்றாம் முறை பார்த்தோம். பனி நாட்டுப் படம். வருடத்தின் மிக நீண்ட இரவில் ஊரே கூடுகிறது. பனிக்குள் மூன்று நாள் புதைத்த ஜாடியைத் தோண்டி எடுத்து, மரக்குவளைகளில் பொன்னிறப் பாலை ஊற்றிக் குடிக்கிறார்கள். குடித்தவர்களுக்கு அடுத்த வருடம் முழுக்கப் பயமே வராதாம்.

மேக்னாவுக்கு அதன் நுரை பிடித்திருக்கிறது. எனக்கு அந்தப் பயம் வராத விஷயம். அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் பாலை வீட்டிலேயே செய்வது எப்படி என்று படத்தின் ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுதியிருப்பதை மேக்னா தேடிப் பிடித்துவிட்டாள். எக்நாக் என்று பெயர். பால், கிரீம், சர்க்கரை, ஜாதிக்காய், ரம். முட்டை ஆறு. பச்சையாக. நாளை செய்து போடோதினுக்குக் குடிக்க வேண்டும் என்கிறாள். கிறிஸ்துமஸை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பெரிய நாள் என்று.

எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் முட்டை வந்ததில்லை. அதிலும் இப்போது, விரத நேரத்தில். வேண்டாம் என்றேன். "உன் வீட்டுக்குள்ள யாரு கொண்டுவரச் சொன்னா, போஷு? மொட்டைமாடி இருக்கே" என்றாள். வசுமதி என்ற என் பெயர் இவர்கள் வாயில் போஷுமோதி ஆகி, மேக்னாவின் வாயில் போஷுவில் வந்து நிற்கிறது.

டிசம்பர் 22, திங்கள்

இந்த நோட்டைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். வங்காளத்தில் எழுதினால் மேக்னா படிப்பாள். ஆங்கிலம் என்றால் யார் வேண்டுமானாலும். தமிழ் என்றால் இரண்டு பேரிடம் மறைத்தால் போதும். ஆனால் அந்த இரண்டு பேரிடம்தானே மறைக்க வேண்டியிருக்கிறது.

செய்துவிட்டோம்.

அம்மா லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மேக்னாவின் அம்மா காகிமா, தன் அக்கா வீட்டுக்கு. மொட்டைமாடியில் படி முடிகிற இடத்தில் ஓர் அறை உண்டு. உடைந்த நாற்காலி, காகிமாவின் இலந்தை ஊறுகாய் ஜாடிகள் தவிர அதில் ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்தோம். முதல் முட்டையை நான் உடைத்தேன். கை முழுக்க வழிந்தது. இவ்வளவு கெட்டியாக, இவ்வளவு வழுவழுப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேக்னா சிரித்துச் சிரித்துத் தரையில் சாய்ந்துவிட்டாள். மிச்சம் ஐந்தையும் அவளே உடைத்தாள்.

சர்க்கரைக்குப் பதில் நொலென் குர் போட்டோம். இந்த ஊர்க் குளிர்காலத்துக்கென்றே வருகிற ஈச்ச வெல்லம். அதன் வாசனையில் முட்டை வாசனை அடங்கிவிட்டது. முள்கரண்டியால் அடித்தால் நுரை வரவில்லை. நான்தான் கீழே போய் எங்கள் மத்தை எடுத்து வந்தேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

ரம் போடவில்லை. காகுவின் பாட்டில் அலமாரியில் இருக்கிறது, ஆனால் அளவுக்குப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறாராம். குறிப்பில் "ரம் சேர்த்து மூன்று நாள் ஊறவிட்டால் சுவை கூடும்" என்றிருந்தது. நமக்கு ரம் வேண்டாம், மூன்று நாள் மட்டும் போதும் என்று முடிவு செய்தோம். படத்திலும் மூன்று நாள்தானே.

எங்கே வைப்பது? அவர்கள் ஃப்ரிட்ஜில் வைத்தால் காகிமா மூடியைத் திறப்பாள். எங்கள் ஃப்ரிட்ஜில் சாமிக்குப் படைக்கிற பால் இருக்கிறது. நினைக்கவே முடியாது. "இந்தக் குளிர்ல ஃப்ரிட்ஜ் எதுக்குடி? ஊரே ஃப்ரிட்ஜாத்தான் இருக்கு" என்றாள் மேக்னா. எனக்கும் சரியென்று பட்டது. ஸ்வெட்டர் மேல் சால்வை போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தோம். தூக்குச் சட்டியில் ஊற்றி மூடி, ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் வைத்தோம்.

மத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். பிறகு வெந்நீர் ஊற்றினேன். பிறகு மாட்டிவிட்டேன். சாயங்காலம் அம்மா அதில்தான் அப்பாவுக்கு மோர் கடைந்தாள். அவர் டம்ளரைத் தூக்கிக் குடிக்கும்போது நான் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

அம்மாவுக்குக் கட்டி திரும்பி வந்தால் அது என்னால்தான்.

டிசம்பர் 24, புதன்

நேற்று எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் மட்டும் நினைக்காதது போல் ஆகிவிடுமா?

அம்மா இன்று நன்றாகத்தான் இருந்தாள். பால்காரனிடம் சண்டை போட்டாள். சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள்.

டிசம்பர் 25, வியாழன்

காலை பதினொரு மணிக்கு மொட்டைமாடி. மேக்னா இரண்டு மண் குவளைகள் கொண்டுவந்தாள். தூக்கைத் திறந்ததும் வெல்ல வாசனை. கொஞ்சம் புளிப்பு போலவும் இருந்தது. அதுதான் ஊறிய வாசனை என்றாள் அவள்.

அவள் ஒரே மூச்சில் ஒரு குவளை குடித்தாள். மேலுதட்டில் நுரை மீசை. "இனி ஒரு வருஷத்துக்கு எனக்கு எந்தப் பயமும் கெடையாது. கணக்கு வாத்தியார்கிட்டகூட" என்றாள். மறுபடி ஒரு குவளை ஊற்றிக்கொண்டாள்.

நான் வாயருகே கொண்டுபோனேன். உதட்டில் பட்டது. முடியவில்லை. விரலில் வழிந்த அந்த வழுவழுப்பு ஞாபகம் வந்தது, அப்பா செருப்பில்லாமல் படி இறங்குவது ஞாபகம் வந்தது. அவள் படம் எடுக்க ஃபோனைத் துழாவியபோது மழைநீர்க் குழாய் வாயில் கொட்டிவிட்டேன். காலிக் குவளையைக் காட்டினேன்.

"எப்படி?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

மிச்சம் ஒரு குவளை இருந்தது. அதையும் அவளே குடித்தாள்.

சாயங்காலம் அவர்கள் வீட்டோடு பார்க் ஸ்ட்ரீட் விளக்கு பார்க்கப் போனார்கள். கேக், கட்லெட் எல்லாம் சாப்பிட்டார்களாம்.

ஏன் பொய் சொன்னேன்? அவள் ஒன்றும் திட்டியிருக்க மாட்டாள். சிரித்திருப்பாள், அவ்வளவுதான்.

டிசம்பர் 26, வெள்ளி

மேக்னாவுக்கு வாந்தி. காலையிலிருந்து ஆறு தடவை. காகிமா மாடிக்கு வந்து அம்மாவிடம் ஓமம் வாங்கிக்கொண்டு போனாள். பார்க் ஸ்ட்ரீட் கட்லெட்டைத் திட்டிக்கொண்டே போனாள்.

கட்லெட்டாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 27, சனி

இன்று நாற்பத்தோராம் நாள். ஏழுமலை மாமா வீட்டில் பூஜை. அவர்தான் குருசாமி, பதினெட்டு வருடம் மலைக்குப் போனவர். அவரும் அப்பாவும் இன்னும் ஆறு பேரும் ஜனவரி ஒன்பதாம் தேதி ரயில் ஏறுகிறார்கள். சரணம் சொல்லும்போது எல்லோரும் வாய் திறந்து சொன்னார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். பிரசாதத் தட்டை நீட்டி ஏழுமலை மாமா "என்ன மாளிகைப்புறம், முகம் வாடியிருக்கு" என்றார். குளிர் என்றேன்.

திரும்பி வந்தபோது கீழ் வீட்டு வாசலில் காகுவின் செருப்பு இல்லை. காகிமாவின் செருப்பும் இல்லை. மேக்னாவுக்கு நூற்று மூன்று டிகிரி ஜுரமாம். ஹாஸ்ரா பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டார்களாம்.

டிசம்பர் 28, ஞாயிறு

அம்மா நர்சிங் ஹோமுக்குப் போய் வந்தாள். வலது பக்கம் அடிவயிற்றில் வலி, கை வைத்தாலே கத்துகிறாளாம். அப்பெண்டிக்ஸ் என்கிறார்களாம்.

முதலில் சாப்பாடு என்றுதான் டாக்டர் நினைத்திருக்கிறார். ஆனால் அவர்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே கேக், ஒரே கட்லெட். மற்ற இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். அப்படியென்றால் சாப்பாடு இல்லை. இதை அம்மா எனக்கு விளக்கிச் சொன்னாள், பருப்பு கிளறிக்கொண்டே. நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

மத்தியானம் மொட்டைமாடிக்குப் போனேன். தூக்கை எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று. அந்த அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது போல் இருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், சுவரெல்லாம் நேர் வெயில். நாங்கள் போனதெல்லாம் காலையில், சாயங்காலத்தில். ஒரு நாள்கூட மத்தியானம் வந்து பார்க்கவில்லை. காகிமா ஊறுகாய் ஜாடிகளை அங்கே வைப்பதே வெயிலுக்காகத்தான். அந்த ஜாடிகளுக்குப் பின்னாலேயே வைத்திருக்கிறோம். இதுகூட உறைக்கவில்லை எனக்கு.

மூன்று நாள். மூன்று மத்தியானம்.

தூக்கின் அடியில் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதன் வாசனை... இல்லை, எழுத வேண்டாம்.

அந்த இணையக் குறிப்பை மறுபடி படித்தேன். அடியில் யாரோ எழுதியிருக்கிறார்கள், ரம் இல்லாமல் செய்தால் ஃப்ரிட்ஜில் வைத்து அன்றைக்கே குடித்துவிடுங்கள் என்று. அன்றைக்கு அவ்வளவு கீழே நாங்கள் நகர்த்திப் பார்க்கவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

அம்மாவோடு நானும் போனேன்.

மேக்னாவின் உதடு வெடித்திருந்தது. கையில் ஊசி. அவ்வளவு சின்னதாக அவளை நான் பார்த்ததே இல்லை. பெரியவர்கள் வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தபோது குனிந்து சொன்னேன், அந்தப் பால் பற்றி டாக்டரிடம் சொல்லிவிடலாமா என்று.

அவள் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "நீயுந்தானே குடிச்ச, போஷு. உனக்கு ஒண்ணும் ஆகலயே. அப்ப அது எப்படிக் காரணமாகும்? சும்மா போய்ச் சொல்லி, உங்கப்பா விரதத்தக் கெடுக்காதே. எவ்வளவு நாளா வெறுங்காலோட நடக்குறாரு."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். இல்ல மேக்னா, நான் குடிக்கல, கொட்டிட்டேன், உன்கிட்ட பொய் சொன்னேன். நாலு வார்த்தை. வாய் திறந்துதான் இருந்தது. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள்.

நாளை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். காகிமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. "நீ வந்தது நல்லதாப் போச்சு, மா. உன்னப் பாத்தாத்தான் அவளுக்குத் தெம்பு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்ல அடுப்படி வரை போனேன். இருமுடிக்கு வேண்டிய மஞ்சள், சந்தனம், அவல் எல்லாம் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். உனக்காகத்தானே அம்மா இதெல்லாம். இதுக்கு நடுவுல வந்து நான் முட்டைன்னு எப்படிச் சொல்லுவேன்? திரும்பி வந்துவிட்டேன்.

சொன்னால் விரதம் கெடும், அம்மாவுக்கு ஏதாவது ஆகும். சொல்லாவிட்டால் நாளைக்கு மேக்னாவின் வயிற்றைக் கிழிப்பார்கள். இல்லாத வியாதிக்கு. உள்ளே இருக்கிற வியாதி அப்படியே இருக்கும். ரெண்டுல எது? நான் யாரு இத முடிவு பண்ண? அப்பெண்டிக்ஸாகவே இருந்தால்? டாக்டருக்குத் தெரியாதா? டாக்டருக்கு எப்படித் தெரியும், மூணு பேரில் ரெண்டு பேர் நல்லாயிருக்காங்கன்னுதானே அவருக்குத் தெரியும். இன்னொரு சாப்பாடு இருந்தது அவருக்குத் தெரியாதே. அதைக் குடிச்சது ஒரே ஒருத்திதான்னு அந்த ஒருத்திக்கே தெரியாதே. எனக்கு மட்டுந்தான் தெரியும். இந்த ஊர்லயே எனக்கு மட்டுந்தான்.

 

டிசம்பர் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை ஐந்தேகாலுக்கு அப்பா மொட்டைமாடியில் வேட்டி பிழிந்துகொண்டிருந்தார். விரதத்தில் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார். நான் படி ஏறிப் போய் "அப்பா" என்றேன். சாமி என்று சேர்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை, மத்து, மூன்று நாள், அறை. எந்த வரிசையில் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் பிழிவதை நிறுத்தவே இல்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒன்று கேட்டார். "நீ குடிச்சியா?"

"இல்லப்பா."

"அது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வேட்டியை அப்படியே கொடியில் போட்டார். "வா. மொதல்ல டாக்டர். மத்ததெல்லாம் அப்புறம்."

அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினோம். ஆட்டோ கிடைக்கவில்லை. டிராம் தண்டவாளத்தை ஒட்டி அவர் முன்னால் நடந்தார். கறுப்பு வேட்டி, வெறுங்கால். தண்டவாளம் பனியில் நனைந்திருந்தது. நான் பின்னால் ஏறக்குறைய ஓடினேன்.  திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரி டியூட்டி டாக்டர் ஒரு அம்மா. அப்பா என்னை முன்னால் தள்ளி, "நீயே சொல்லு, வங்காளத்துலயே சொல்லு" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கேள்விகள்தான் கேட்டார். எத்தனை முட்டை, காய்ச்சினீர்களா, எத்தனை மணி நேரம், வெயில் படுமா, அவள் எவ்வளவு குடித்தாள், வேறு யார் குடித்தது. வேறு யாரும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்தார். யாருக்கோ ஃபோன் செய்தார். பிறகு அப்பாவிடம், இதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல மாட்டேன், ஆனால் இன்றைக்குக் கத்தி வேண்டாம், மருந்தை மாற்றி ஒரு நாள் பார்க்கலாம், பரிசோதனைக்கும் அனுப்புகிறேன் என்றார்.

திரும்பினால் கதவருகில் காகிமா. எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று தெரியவில்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்தாள். "நாலு நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தியே" என்றாள். அவ்வளவுதான். நேற்று என் கையைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மேக்னாவிடம் போனேன். அதையும் நானேதான் சொல்ல வேண்டும் என்றார் அப்பா. அவள் கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னியே" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா. வீட்டுக்கு வந்ததும் அப்பாவே சொல்லிவிட்டார். அம்மா மத்தை எடுத்துக் கொல்லைக் குப்பையில் போட்டாள். என்னை அடிக்கவில்லை. கட்டி வந்துடுமாம்மா என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் வந்தது. அம்மா திரும்பினாள். "கட்டி முட்டையத் தேடிக்கிட்டு வராதுடி, மக்கு" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

டிசம்பர் 31, புதன்

ஜுரம் நூற்றொன்று. வலி குறையவில்லை. இன்னும் ஒரு நாள் பார்ப்பார்களாம்.

நான் சொன்னது தப்பாக இருந்தால்? என்னால் ஆபரேஷன் தள்ளிப்போய், அது உள்ளேயே வெடித்தால்? அப்பாவிடம் கேட்டேன். டாக்டர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றார். தெருவில் புது வருடத்துக்குப் பட்டாசு. ஒவ்வொன்றுக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜனவரி 2, வெள்ளி

பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முட்டையில் வரும் கிருமிதான். அப்பெண்டிக்ஸ் இல்லை, அதை ஒட்டிய சுரப்பிகள் வீங்கியிருக்கின்றன, மருந்திலேயே சரியாகும். ஜுரம் இறங்கிவிட்டது. இன்று இரண்டு கரண்டி குழைந்த சோறு சாப்பிட்டாளாம்.

காகுதான் மாடிக்கு வந்து சொன்னார். காகிமா வரவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

அப்பா ஏழுமலை மாமாவை வீட்டுக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னார். என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. மாமா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். முட்டை வீட்டுக்குள்ளே வரவில்லை, அப்பாவுக்குத் தெரிந்து நடக்கவும் இல்லை, தோஷமில்லை, தாராளமாக இருமுடி கட்டலாம் என்றார்.

அப்பா, "எனக்குத் தெரிஞ்சு போச்சே, குருசாமி" என்றார். முப்பதாம் தேதியிலிருந்து மறுபடி நாற்பத்தொரு நாள் எண்ணப் போகிறாராம். மாசி மாதப் பூஜைக்கு நடை திறக்கும்போது தனியாகப் போய்வருவாராம்.

"எட்டுப் பேர் டிக்கெட் போட்டு, கூட வர்ற ஒரு சாமிய விட்டுட்டுப் போறதா?" என்று மாமா கேட்டார்.

"நாப்பத்தொண்ணுதானே, சாமி. ஓடிப் போயிடும்."

அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் வேகம் கூடியது. மாமா போன பிறகு அப்பாவிடம், "ஒங்க காலப் பாத்தீங்களா? குதிகால் வெடிச்சு ரத்தம் வருது. எனக்காக வேண்டிக்கிட்டீங்கன்னா எனக்காக நிறுத்துங்க" என்றாள். அப்பா குதிகாலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

அவர்கள் ஏழு பேரும் கிளம்பினார்கள். அப்பா ஸ்டேஷன் வரை போய் வழியனுப்பிவிட்டு, அங்கிருந்து நேரே வங்கிக்குப் போனார்.

சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன். காலை உள்ளே விட்டார். "சூடு ஜாஸ்தி" என்றார். பச்சைத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்தேன்.

மேக்னா வீட்டுக்கு வந்து நான்கு நாள். படியில் ஏறும்போது, இறங்கும்போது அவர்கள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். சத்தமில்லாமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஜனவரி 14, புதன்

பொங்கல். வழக்கமாக நான்தான் கீழ் வீட்டுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோவேன். இந்த வருடம் அம்மா கொண்டுபோனாள். வெறும் பாத்திரத்தோடு வந்தாள். வாங்கிக்கொண்டார்களா என்று கேட்டேன். "வாங்காம?" என்றாள். மேக்னா சாப்பிட்டாளா என்று கேட்க தைரியம் வரவில்லை.

பள்ளி திறந்துவிட்டது. அவள் இன்னும் வரவில்லை. அவளுக்காக ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை எழுதுகிறேன். யாரும் சொல்லவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

காலையில் படி இறங்கும்போது கதவு திறந்தது. காகிமா. நான் அப்படியே நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

ஸ்கூலில் நிறையப் பாடம் நடந்துவிட்டதாமே என்று கேட்டாள். ஆமாம் காகிமா, நான் எழுதி வைத்திருக்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

 "சாயங்காலம் நாலு மணிக்கு மேல வா. அவ தூங்கி எழுந்திருப்பா" என்றாள். கதவைச் சாத்தப் போனவள் மறுபடி திறந்தாள். "கையில எதையும் எடுத்துக்கிட்டு வராதே. சாப்பிடற சாமான் எதுவும்."

நாலரைக்குப் போனேன். பையை வாங்கி, வாசலிலேயே திறந்து பார்த்தாள். நோட்டுகள், பேனா, ஸ்கேல். பக்க ஜிப்பையும் திறந்தாள். நான் பையை நன்றாக விரித்துக் காட்டினேன்.

மேக்னா கட்டிலில் சுவர்ப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.   புவியியல் நோட்டை நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டினாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு, கட்டிலில் நான் உட்கார இடம் விட்டாள்.